விஜயதசமியன்று விழிக்காத கணினி

படிக்கும் முன்

உங்கள் வீட்டு மின்விசிறி சுழலவில்லை. முதலில் எதைப் பார்ப்பீர்கள்? விசிறியையா, சுவரில் உள்ள சுவிட்சையா? அதை ஏன் முதலில் பார்க்கிறீர்கள் என்று அருகில் அமர்ந்திருப்பவரிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள்.

பாடம்

சிக்கந்திராபாத்தின் பத்மாராவ் நகரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை மனத்தில் கற்பனை செய்துகொள்ளுங்கள். தந்தை தென்மத்திய இரயில்வேயில் பணிபுரிகிறார். சொந்த ஊர் திருநெல்வேலி. மகன் பொறியியல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். மகள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. தாய், தந்தை, பிள்ளைகள் இருவர், மாலைதோறும் ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்கு நடந்து சென்றுவரும் ஆச்சி என ஐவர் கொண்ட வீடு அது.

அந்த ஆண்டு தந்தைக்குக் கிடைத்த விழாக்கால ஊக்கத்தொகையின் பெரும்பகுதி ஒரு கணினிக்குச் செலவாயிற்று. முழுக் கணினியாக அவர்கள் வாங்கவில்லை. சிக்கந்திராபாத் பார்க் லேனில் செனாய் வணிக வளாகம் என்றொரு கணினிச் சந்தை இருக்கிறது. நகர மக்கள் அதைச் சுருக்கமாக சி.டி.சி. என்பர். தளந்தோறும் சிறுசிறு கடைகள். கணினியின் எந்த உறுப்பையும் அங்கே தனித்தனியாக வாங்கலாம். மகன் அங்கிருந்து செயலி, தாய்ப்பலகை, நினைவகத் தகடுகள், மின்வழங்கி, இரும்புக் கூடு ஆகியவற்றை வாங்கிவந்து, இரண்டு மாலைப்பொழுதுகளில் தன் கையாலேயே பூட்டி முடித்தான். முதன்முறை விசிறி சுழன்று திரை ஒளிர்ந்தபோது வீடே கைதட்டியது. பத்து நாள் கணினி நன்றாக ஓடிற்று.

பத்தாம் நாள் ஆயுத பூசை. தந்தையின் கருவிப்பெட்டி, ஆச்சியின் தையல் எந்திரம், பிள்ளைகளின் புத்தகங்கள் ஆகியவற்றோடு புதிய கணினியும் பூசையறைக்கு எதிரே வைக்கப்பட்டது. கம்பிகளையெல்லாம் கழற்றி, கூட்டைத் துணியால் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டவள் மகள். மற்றப் பொருள்களுக்கு ஒரு பொட்டு. கணினியின் முகப்புக்கு மட்டும் மூன்று. பூசையில் வைத்த புத்தகத்தை மறுநாள் வரை தொடக்கூடாது என்பது வழக்கம். ஆகவே அன்று கணினியையும் ஒருவரும் தொடவில்லை.

விஜயதசமியன்று காலை புத்தகங்களைப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் படித்தார்கள். பின்னர் மகன் கணினியை மேசைக்குக் கொண்டுசென்று, கம்பிகளைச் செருகி, பொத்தானை அழுத்தினான். ஒன்றும் நிகழவில்லை. விசிறி அசையவில்லை, விளக்கு எரியவில்லை, திரை இருண்டே கிடந்தது. மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவனுக்கு இணையவழி நேர்முகத் தேர்வு. அதற்கென்றே இந்தக் கணினியை அவசரமாக வாங்கியிருந்தார்கள்.

"நல்ல நாளும் அதுவுமா இப்படி ஆகிவிட்டதே" என்றார் ஆச்சி. அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தவுடன் சிறுமிக்கு வயிற்றைக் கலக்கியது. கடைசியாகக் கணினியைத் தொட்டவள் அவள்தானே!

செய்தி கேட்டவர்கள் ஆளுக்கொரு தீர்ப்பு வழங்கினார்கள். மாடிவீட்டுக்காரர் மின்வழங்கி எரிந்துபோயிருக்கும் என்றார். தந்தையின் நண்பர் ஒருவர் தொலைபேசியிலேயே தாய்ப்பலகை போய்விட்டது என்று முடிவு கட்டினார். இவற்றுள் எது உண்மையானாலும் பல ஆயிரம் ரூபாய் செலவு. உத்தரவாதம் இருக்கிறதுதான், ஆனால் தசராவுக்காகக் கடைகள் மூடியிருந்தன. உறுப்புகளை விற்ற கடைக்காரரின் கைப்பேசிக்கு மகன் அழைத்தான். அவர் ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். தெலுங்கும் இந்தியும் கலந்த பேச்சில் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உள்ளே பலகையில் சின்ன விளக்கு எரிகிறதா, இல்லையா?"

மகனுக்கு விடை தெரியவில்லை. அவன் கூட்டைத் திறந்து பார்க்கவே இல்லை. மற்றவர்கள் விடைகளைத் தந்திருந்தார்கள். அவற்றைவிட இந்தக் கேள்வியே பயனுடையது என்று அப்போதுதான் அவனுக்குப் பட்டது.

அக்கேள்வியின் பொருளை அறிய, கணினிக்குள் மின்சாரம் செல்லும் வழியை நாம் அறிய வேண்டும். நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட் மாறுமின்னோட்டம். செயலியும் நினைவகமும் அதைத் தாங்கா. மின்வழங்கி என்னும் பெட்டி அதைப் பெற்று 12, 5, 3.3 வோல்ட் அளவுள்ள நேர்மின்னோட்டமாக மாற்றித் தருகிறது. பழைய கணினிகளில் பொத்தானை அழுத்தினால், வீட்டு விளக்கின் சுவிட்சைப் போல, அது நேராகவே மின்சாரத்தை இணைக்கும் அல்லது துண்டிக்கும். 1995-ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் புதிய அமைப்பு முறையை வெளியிட்டது. இன்றைய மேசைக் கணினிகள் பெரும்பாலும் அம்முறையின் வழிவந்தவை. இதில் கணினி அணைந்திருக்கும்போதும் மின்வழங்கி முழுவதுமாக உறங்குவதில்லை. 5 வோல்ட் அளவில் ஒரு சிறு மின்னோட்டத்தைத் தாய்ப்பலகைக்கு எப்போதும் அனுப்பிக்கொண்டிருக்கும். முகப்பில் உள்ள பொத்தான் வீட்டு மின்சாரத்தைத் தொடுவதே இல்லை. அழுத்தும்போது இரண்டு மெல்லிய கம்பிகள் ஒரு கணம் இணைகின்றன, அவ்வளவுதான். அதைத் தாய்ப்பலகை உணர்ந்து, "இனி முழு மின்சாரத்தையும் அனுப்பு" என்று மின்வழங்கிக்குச் சொல்கிறது. வாயிற்காவலரிடம் சீட்டு நீட்டுவது போன்ற செயல் இது. கதவைத் திறப்பவர் வேறு.

பல தாய்ப்பலகைகளில் அந்தச் சிறு மின்னோட்டம் வந்து சேர்ந்ததற்கு அடையாளமாக ஒரு சிறு விளக்கு எரியும். கடைக்காரர் கேட்டது அதைத்தான். சுவரிலிருந்து செயலி வரை மின்சாரம் கடக்கும் இடங்கள் பல. அவற்றை வரிசையாக முதலிலிருந்து சோதிக்கலாம், நடுவிலிருந்தும் சோதிக்கலாம். அகராதியில் 'மின்' என்ற சொல்லைத் தேடும் ஒருவர் 'அ'விலிருந்து பக்கம் பக்கமாகப் புரட்டுவதில்லை. நடுவே பிரித்து, தேடும் சொல் முன்னால் உள்ளதா பின்னால் உள்ளதா என்று பார்க்கிறார். பாதி அகராதி ஒரே நொடியில் விலகிவிடுகிறது. பலகை விளக்கும் அவ்வாறே. அது எரியவில்லை என்றால் பழுது பெரும்பாலும் அதற்கு முன்னால், அதாவது சுவர், நீட்டிப்புப் பெட்டி, கம்பி, மின்வழங்கியின் பின்புறச் சுவிட்சு, மின்வழங்கி ஆகிய இடங்களில் இருக்கும். எரிந்தால் அதற்குப் பின்னால் தேட வேண்டும்.

இதற்கிடையில் தந்தை தம் வழியில் இறங்கியிருந்தார். மேசை விளக்கை எடுத்துவந்து, கணினி செருகியிருந்த அதே துளையில் செருகினார். விளக்கு எரிந்தது. மின்வழங்கியின் பின்புறம் கோடும் வட்டமும் பொறித்த சுவிட்சு ஒன்று இருக்கும். கோடு இயக்கத்தைக் குறிக்கும். வட்டம் நிறுத்தத்தைக் குறிக்கும். கணினியைத் தூக்கி நகர்த்தும்போது விரல் பட்டு அது வட்டத்தின் பக்கம் சாய்வது மிகவும் இயல்பு. பழுதுபார்க்கும் கடைக்கு வரும் கணினிகளில் சில, அந்தச் சுவிட்சைத் தட்டியவுடனே 'குணமாகி' வீடு திரும்புவதுண்டு. இங்கே அது கோட்டின் பக்கமே இருந்தது.

மகன் கூட்டின் பக்கத் தகட்டைத் திருப்புளியால் கழற்றினான். உள்ளே, பலகையின் ஓர் ஓரத்தில், மிளகளவு விளக்கொன்று எரிந்துகொண்டிருந்தது.

அந்த நொடியில் பாதிச் சந்தேகங்கள் விலகின. சுவர் நலம், கம்பி நலம், மின்வழங்கியும் முற்றிலும் இறந்துவிடவில்லை. ஆனால் மீதிப் பாதி எளிதன்று. மின்வழங்கியின் 12 வோல்ட் பகுதி மட்டும் கெட்டிருக்கலாம். பலகைக்கு அடியில் திருகாணி ஒன்று விழுந்து குறுக்குச்சுற்று ஏற்பட்டிருக்கலாம். அப்படியானால் மின்வழங்கி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றுவிடும். விசிறி ஒரு சுற்று சுற்றி அடங்குவது அதன் அடையாளம். இங்கே அந்த ஒரு சுற்றுகூட இல்லை. பலகைக்குச் செல்லும் 24 முனை இணைப்போ, செயலிக்குச் செல்லும் 8 முனை இணைப்போ தூக்கி நகர்த்தியதில் தளர்ந்திருக்கலாம். பொருள் புதியது என்பதும் நலத்துக்குச் சான்றாகாது. மின்னணுப் பொருள்கள் பழுதாகும் காலத்தை வரைபடமாக வரைந்தால் அது குளியல் தொட்டியின் வடிவில் இருக்கும் என்பர் பொறியாளர். தொடக்க நாள்களில் பழுது மிகுதி. நடுவே நெடுங்காலம் குறைவு. முதுமையில் மீண்டும் மிகுதி. உற்பத்தியில் நேர்ந்த சிறு குறைகள் முதல் சில வாரங்களிலேயே வெளிப்பட்டுவிடுவதுதான் தொடக்கப் பழுதுக்குக் காரணம். 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் உலகெங்கும் பல தாய்ப்பலகைகளில் தரங்குறைந்த மின்தேக்கிகள் வீங்கி, உரிய காலத்துக்கு முன்பே செயலிழந்தன. ஆகவே தந்தையின் நண்பர் சொன்னதும் நடக்கக்கூடியதே. நடக்கக்கூடியது எல்லாம் நடந்ததாகிவிடாது என்பதை மட்டும் அவர் மறந்துவிட்டார்.

சுவர்ச் செருகியைப் பிடுங்கிய பிறகே தந்தை மகனைக் கூட்டுக்குள் கைவைக்க விட்டார். கையில் உள்ள நிலைமின்சாரம் நீங்க, மகன் முதலில் கூட்டின் வெற்று இரும்பைத் தொட்டான். பின்னர் 24 முனை இணைப்பையும் 8 முனை இணைப்பையும் கழற்றி, 'கிளிக்' என்று கேட்கும்வரை மீண்டும் அழுத்தினான். நினைவகத் தகடுகளையும் கழற்றிச் செருகினான். மறுபடி மின்சாரம் கொடுத்துப் பொத்தானை அழுத்தினார்கள். பயனில்லை.

மின்வழங்கியைத் திறந்து பார்க்கலாமா என்று மாடிவீட்டுக்காரர் கேட்டார். தந்தை உடனே மறுத்தார். அவர் மறுத்தது மிகச் சரி. மின்வழங்கிக்குள் உள்ள பெரிய மின்தேக்கிகள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைச் சேமித்து வைத்திருக்கும். சுவரிலிருந்து கம்பியைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது உள்ளேயே நிற்கும். உயிரைப் பறிக்கவல்லது அது. மற்ற உறுப்புகளைப் பெரியவர் துணையோடு திறந்து பார்க்கலாம். மின்வழங்கிப் பெட்டியை வீட்டில் எவரும் திறக்கலாகாது.

மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. மகன் தரையில் அமர்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நண்பன் வீட்டுக்குப் போய்த் தேர்வை எழுதலாமா என்று அவன் எண்ணத் தொடங்கியபோது, அதுவரை கதவோரம் நின்றிருந்த தங்கை மெல்ல அருகில் வந்தாள்.

"அண்ணா, ஒன்று சொல்லட்டுமா? திட்டக்கூடாது."

"சொல்."

"முன்பெல்லாம் நீ பொத்தானை அமுக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். இன்றைக்கு வரவே இல்லை."

அவன் நிமிர்ந்து பார்த்தான். காலையிலிருந்து இருபது முறையாவது அந்தப் பொத்தானை அழுத்தியிருப்பான். விசிறியைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான். விரல் நுனியில் இருந்ததை மட்டும் அவன் பார்க்கவில்லை.

"பொத்தான் மேலும் ஒரு பொட்டு வைத்தேன்" என்றாள் அவள். குரல் தாழ்ந்துவிட்டது. "நடுவில் இருக்கிறதே என்று... நெற்றி மாதிரி."

பொத்தானைச் சுற்றிய மெல்லிய இடுக்கில் சந்தனம் இறங்கி, ஓர் இரவும் ஒரு பகலும் காய்ந்து, கல்லாகக் கெட்டித்திருந்தது. அவள் பொட்டு வைத்தபோது உள்ளே அழுந்திய பொத்தான் மீண்டும் வெளியே வரவில்லை. தாய்ப்பலகையைப் பொறுத்தவரை, யாரோ பொத்தானை அழுத்தியவாறு விரலை எடுக்காமலே நின்றுகொண்டிருக்கிறார்கள். முடிவில்லாத அழுத்தத்தைப் பலகை இயக்கக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாது. சில பலகைகள் தொடங்கவே தொடங்கா. சில தொடங்கினாலும் நான்கைந்து நொடிகளில் அணைந்துவிடும். கணினி உறைந்துபோனால் பொத்தானை நான்கு நொடி அழுத்திப் பிடித்து அணைக்கிறோம் அல்லவா? அதே விதிதான்.

ஆனாலும் அண்ணன் உடனே துள்ளிக் குதிக்கவில்லை. இதுவும் இதுவரை ஒரு சந்தேகம் மட்டுமே. கணினியின் முகப்பில் மறுதொடக்கத்திற்கென இன்னொரு சிறு பொத்தான் இருந்தது. அதன் உள்ளமைப்பும் இதே போன்றது: அழுத்தினால் இரு கம்பிகள் ஒரு கணம் இணையும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பலகையின் வழிகாட்டிக் கையேட்டில் படத்தைப் பார்த்து, இயக்கப் பொத்தானின் கம்பியை அதன் இரு ஊசிகளிலிருந்து உருவினான். மறுதொடக்கப் பொத்தானின் கம்பியை அதே ஊசிகளில் செருகினான். பலகையும் மின்வழங்கியும் உண்மையிலேயே கெட்டிருந்தால் இதனால் எதுவும் மாறாது. பொத்தான் மட்டுமே கெட்டிருந்தால் கணினி எழ வேண்டும். ஒரு காசு செலவில்லாத சோதனை. இரண்டில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடும் சோதனை.

"நீயே அமுக்கு" என்றான் தங்கையிடம்.

அவள் அழுத்தினாள். விசிறி சுழன்றது.

அடுக்களையிலிருந்து ஆச்சிதான் முதலில் ஓடிவந்தார். காரணத்தைக் கேட்டதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "சரஸ்வதிக்கே பொட்டு கொஞ்சம் அதிகமாகிப் போச்சு போல" என்றார். காலையில் இருந்த கலக்கம் அவர் முகத்தில் இல்லை. சிறுமிதான் சிறிது நேரம் அழுதாள். யாரும் திட்டாததால் வந்த அழுகை அது.

அன்று மாலை ஈரத்துணியும் பல்குத்தும் குச்சியுமாக அண்ணனும் தங்கையும் அமர்ந்து காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி எடுத்தார்கள். துணியைப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்று தந்தை இருமுறை சொன்னார். இருட்டும் வேளையில் 'டிக்' திரும்பி வந்தது. மறுநாள் பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அண்ணன் பொத்தானை அழுத்த, கதவுக்கு அப்பால் தங்கை காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றாள்.

அறிந்துகொள்வோம்

சிக்கந்திராபாத்திலிருந்து ஈ.சி.ஐ.எல். செல்லும் பேருந்துகளில் நீங்கள் ஏறியிருப்பீர்கள். அவ்விடத்துக்குப் பெயர் தந்தது இந்திய மின்னணுக் கழகம் என்னும் அரசு நிறுவனம். அணுசக்தித் துறையின்கீழ் 1967-இல் அது ஐதராபாத்தில் தொடங்கப்பட்டது. அதை உருவாக்கி வளர்த்த அறிவியலாளர் ஏ.எஸ். ராவின் பெயரையே அருகிலுள்ள ஏ.எஸ். ராவ் நகர் தாங்கி நிற்கிறது. இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட தொடக்ககால எண்முறைக் கணினிகளுள் ஒன்றான டி.டி.சி.-12, 1969-இல் இந்நிறுவனத்தின் பெயரால் வெளிவந்தது. மும்பையின் டிராம்பே பகுதியில் உள்ள அணு ஆராய்ச்சி மையத்தில் பிறந்ததால் 'டிராம்பே எண்முறைக் கணினி' என்று பெயர் பெற்றது.

கணினிப் பழுதை ஆங்கிலத்தில் பூச்சி என்று பொருள்படும் 'பக்' என்ற சொல்லால் குறிப்பர். 1947 செப்டம்பர் 9 அன்று, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உருவான மார்க் 2 என்னும் கணினி தவறாக இயங்கியது. தேடியவர்கள் அதன் ரிலே ஒன்றில் உண்மையாகவே ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருப்பதைக் கண்டார்கள். அதை எடுத்துப் பணிக்குறிப்பேட்டில் ஒட்டிவைத்தார்கள். பழுதைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே இருந்ததால், அந்தக் குறிப்பு அவர்களுக்கே வேடிக்கையாக இருந்தது. அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

பயிற்சிகள்

1. கடையில் மதர்போர்டு, பவர் சப்ளை, ஃபேன், ஸ்குரூடிரைவர் என்று கேட்டு வாங்குகிறோம். பாடத்தில் இவற்றுக்கு வந்துள்ள தமிழ்ச் சொற்களைக் கண்டறிந்து, ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியத்தில் அமைத்து எழுதுக.

2. திருப்பு + உளி = திருப்புளி. தாய் + பலகை = தாய்ப்பலகை. முதற்சொல்லில் ஓர் எழுத்து மறைந்தது. அடுத்ததில் ஓர் எழுத்து தோன்றியது. எவ்வெழுத்துகள்? பாடத்திலிருந்து இத்தகைய சொற்கள் மேலும் மூன்றை எடுத்துப் பிரித்து எழுதுக.

3. பலகையில் விளக்கு எரிந்ததைக் கண்டதும் 'பாதிச் சந்தேகங்கள் விலகின' என்று பாடம் கூறுகிறது. விலகியவை எவை? எஞ்சியவை எவை?

4. இயக்கப் பொத்தானின் மீது சந்தேகம் வந்த பிறகும் அண்ணன் இன்னொரு சோதனை செய்தான். அச்சோதனையில் கணினி எழாமல் இருந்திருந்தால், அடுத்து அவன் எதைச் சந்தேகித்திருக்க வேண்டும்? காரணத்துடன் எழுதுக.

5. திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் 'மருந்து'. நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்பே தீர்க்கும் வழியைத் தேட வேண்டும் என்னும் கருத்துடைய குறளை அவ்வதிகாரத்தில் கண்டுபிடித்து எழுதுக. மாடிவீட்டுக்காரர், தந்தையின் நண்பர், கடைக்காரர் ஆகிய மூவருள் அக்குறளின் வழி நடந்தவர் யார்?

6. உங்கள் வீட்டில் ஒரு பொருள் பழுதாகி, காரணம் எதிர்பாராத இடத்தில் கிடைத்த நிகழ்வு உண்டா? பெற்றோரிடமோ தாத்தா, பாட்டியிடமோ கேட்டு, அவர்கள் பேசிய சொற்களிலேயே உரையாடலாகப் பத்து வரிகளில் எழுதுக. அவர்களுடைய ஊர்ப்பேச்சை மாற்ற வேண்டாம்.